எந்த வகையிலும் தொடர்பில்லாதவர்

எங்கள் பக்கத்தில் கபடி நடந்தால் அதற்கு நடுவர் என்று ஒருவரைத் தேடிப்போக வேண்டியதில்லை. கோட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் நடுவர்கள்தான். பாடிப் போனவன் போனஸ் கோட்டைத் தாண்டினானா இல்லையா என்பதை, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும் அப்பாயி தலையை நிமிர்த்தாமலே சொல்லிவிடும். விசில் வைத்திருப்பவருடைய வேலை, ஊர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவை ஊதி அறிவிப்பது மட்டுமே.

கூடைப்பந்தில் எல்லாம் தலைகீழ். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில் திருவரங்குளத்தில் இறங்கி, டிராவல் என்றால் என்ன என்று கேட்டுப்பாருங்கள். சென்னைக்கு ஏசி பஸ் விடும் கம்பெனியைக் கை காட்டுவார்கள். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அடிக்கு மேல் வைத்தால் குற்றம் என்பது மைதானத்தில் இருக்கும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அந்த இரண்டு பேர் வாயிலும் விசில் இருக்கும். பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி ஒன்றில், பதினேழு வயதுக்கு உட்பட்ட பையன்கள் ஆட்டத்துக்கு, அந்த இரண்டு பேரில் ஒருவனாக நான் நின்றேன். அதுதான் முதல் தடவை.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி அணியில் நான் பெஞ்சில் ஆடியவன். பெஞ்சில் இருப்பவனுக்கு ஓடுகிற வேலை கிடையாது என்பதால் நடுவரைத் திட்டுவதற்கு நிறைய அவகாசம் கிடைக்கும். உருப்படியாகத் திட்ட வேண்டும் என்றால் விதி தெரிய வேண்டும். அப்படித்தான் விதிப்புத்தகம் என் கைக்கு வந்தது. படித்து முடித்தபோது திட்டுவதற்குத் தேவையானதைவிட அதிகமாகவே தெரிந்துவிட்டதால், நடுவர் தேர்வையும் எழுதிவைத்தேன்.

அந்தப் புத்தகத்தை எழுதுபவர்கள் ஃபிபா என்னும் சர்வதேசக் கூட்டமைப்பினர். 1932-இல் ஜெனீவாவில் தொடங்கிய அமைப்பு, இப்போதும் அதே சுவிட்சர்லாந்தில்தான், மீஸ் என்ற சிற்றூரில் தலைமையகம். கூடை தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரம், ஆடுகளம் 28 மீட்டருக்கு 15 மீட்டர், வளையத்தின் உள்விட்டம் 45 சென்டிமீட்டர் என்று எல்லாவற்றையும் அளந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விதி, நடுவர்களும் மேசையில் இருப்பவர்களும் ஆடுகிற இரண்டு அணிகளோடும் எந்த வகையிலும் தொடர்பில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்கிறது. மீஸில் அது சாத்தியமாக இருக்கலாம். திருவரங்குளத்தில் பிறந்தவனுக்குப் பட்டுக்கோட்டை வரை எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், கிளாஸ் காலியாவதற்குள் ஏதாவது ஒரு முறை வந்துவிடும். பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர், பெண் கேட்டுப் போய்க் கிடைக்காமல் திரும்பிய ஊர் என்று மூன்று கணக்கு இருக்கிறது. மூன்றாவதில்தான் பாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

சிவப்புப் பனியன் அணியில் 7-ஆம் எண் என் சொந்த அக்கா மகன். மூத்த நடுவராக வந்திருந்தவர் பணி ஓய்வு பெற்ற பி.டி. சார். அவரிடம் போய் விதியைச் சொல்லி, என்னை மாற்றிவிடுங்கள் என்றேன்.

"நீல டீம்ல யாரு யாரு இருக்காங்கன்னு பாத்தியா?" என்றார்.

பார்த்தேன். 11-ஆம் எண் பங்காளி வகையில் எனக்குத் தம்பி முறை. 5-ஆம் எண்ணின் ஆத்தாவும் என் அப்பாயியும் ஒரே ஊரில் பிறந்தவர்கள். அப்படிப் பார்த்தால் மாமன் மகன்.

"ரெண்டு பக்கமும் சொந்தம்னா யாருக்கும் சொந்தமில்லைன்னு அர்த்தம். விசிலை எடு."

மீஸில் இருப்பவர்கள் இந்த வாக்கியத்தை அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

விசில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சின்ன வயதில் திருவிழாக் கடையில் வாங்கும் விசிலுக்குள் உருளுகிற குண்டைப் பட்டாணி என்றே நாங்கள் நம்பியிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் வம்பனில் பயறுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது. உளுந்துக்குப் பஞ்சமில்லாத மண். குண்டு தொலைந்த விசிலுக்குள் எங்கள் கூட்டாளி ஒருவன் நாலு உளுந்தைப் போட்டான். முதல் நாள் நன்றாகத்தான் ஊதியது. எச்சில் பட்டு ஊறி உளுந்து உப்பியதும் விசில் வாயை மூடிக்கொண்டது. இதைப் பையன்கள் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. 1984-இல் பிரேசிலின் சாவ் பாலோவில் ஒலிம்பிக் தகுதிச்சுற்று ஆட்டத்தில் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் என்ற கனடா நாட்டு நடுவர் ஃபவுலைக் கண்ணால் பார்த்தார், ஊதினார், உள்ளே குண்டு சிக்கிக்கொண்டு சத்தமே வரவில்லை. அரங்கம் கொந்தளித்தது. மனிதர் ஊருக்குப் போய், குண்டே இல்லாத விசில் ஒன்றை உருவாக்க வைத்து 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஃபாக்ஸ் 40 என்று பெயர். பாதி அவர் பெயர், மீதி அவர் வயது. இன்று உலகம் முழுக்க நடுவர்கள் கழுத்தில் தொங்குவது அதுதான். சார் எனக்குக் கொடுத்ததும் அதுதான். கொடுக்கும்போது சொன்னார்: "ஊதுறதுக்கு முன்னாடி யோசி. ஊதினதுக்கப்புறம் யோசிக்காத, நட."

நடக்க வேண்டிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிமெண்டுத் தளம்தான், ஆனால் சுற்றிலும் செம்மண். பக்கத்துத் தைலமரக் காட்டிலிருந்து காற்றடிக்கும்போதெல்லாம் இலை வந்து விழும். பையன்கள் வழுக்கி விழுவார்கள். தள்ளிவிட்டது எதிராளியா இலையா என்று நான் தீர்மானிக்க வேண்டும். கிழக்குப் பக்கக் கம்பம் 2018 கஜா புயலில் லேசாகச் சாய்ந்தது, சாய்ந்தபடியே இருந்துவிட்டது. கஜாவில் தென்னந்தோப்பையே பறிகொடுத்த ஊர்களில் கூடைக்கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்க யாருக்கு நேரமிருந்தது? ஆக, மேற்கே 3.05 மீட்டர், கிழக்கே புயல் பார்த்து வைத்த உயரம். டாஸில் ஜெயித்த நீல அணி கேப்டன் கிழக்கைக் கேட்டான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறும் என்று சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ஆட்டம் தொடங்குவது நடுவர் கையில்தான். நட்ட நடு வட்டத்தில் இரண்டு நெட்டையன்களுக்கு இடையில் நின்று, அவர்கள் குதித்து எட்டுகிற உயரத்துக்கும் மேலே, செங்குத்தாகப் பந்தை எறிய வேண்டும். உச்சிக்குப் போன பிறகுதான் அவர்கள் தட்டலாம். பெஞ்சிலேயே காலம் கழித்த எனக்கு மொத்தக் கூட்டத்தின் முன்னால் பந்தைத் தொடக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. பந்து நேராகத்தான் போனது. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

முதல் இரண்டு நிமிடத்திலேயே ஒன்று புரிந்துபோனது. கூட்டத்துக்கு விதி தெரியாது என்று நான் நினைத்தது தப்பு. அவர்களுக்கு விதி தெரியும். ஆனால் அது கபடி விதி. தூரத்தில் இருக்கும் மூன்று புள்ளி வளைகோட்டுக்கு வெளியிலிருந்து பையன் ஒருவன் பந்தைப் போட்டதும், நான் மூன்று விரலைத் தூக்குமுன் "போனஸ்! போனஸ்!" என்று கத்தினார்கள். கணக்கு சரியாக இருந்ததால் நான் திருத்தவில்லை. உடம்பு உரசியதற்கு ஃபவுல் ஊதியபோதுதான் மனத்தாங்கல் வந்தது. "என்னப்பா இது, தொட்டதுக்கெல்லாம் ஊதுறாரு? தொடாம என்ன வெளையாட்டு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒருவனை ஏழு பேர் சேர்ந்து அமுக்குவதைப் புள்ளியாகக் கொடுக்கும் ஆட்டத்தில் வளர்ந்தவர் அவர்.

இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே இதே பாடு பட்டிருக்கிறார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், குளிர்காலத்தில் உள்ளே அடைந்து கிடந்து சேட்டை செய்த மாணவர்களை அடக்குவதற்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக்கூடத்தின் பால்கனியில் மாட்டினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். விசில் ஊதி ஆரம்பித்து வைத்தார். பையன்கள் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பிடித்து உதைக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண் வீங்கியது, தோள்பட்டை விலகியது, ஒருவன் மயங்கியே விழுந்தான் என்று பிற்காலத்தில் ரேடியோவில் அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் விதிகளை இறுக்கினாராம். எழுத்தில் வந்த விதிகள் பதின்மூன்று. ஆளைப் பார்த்துக்கொள்ள ஒரு நடுவர், பந்தைப் பார்த்துக்கொள்ள இன்னொரு நடுவர் என்று அதிலேயே பிரித்துவைத்தார். கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள மூன்றாவது ஒருவரைப் போட அவருக்குத் தோன்றவில்லை. ஆட்டம் கிறித்தவ இளைஞர் சங்கங்கள் வழியாக நாடு நாடாகப் போனது. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய பிறகு, அங்கே பயிற்சி முடித்து விசிலோடு வெளியே வந்தவர்கள் அதை நம் பள்ளிக்கூட மைதானங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எங்கள் பி.டி. சாரும் அந்த வழி வந்தவர்தான். நைஸ்மித்துக்கும் எனக்கும் நடுவில் நிற்கிற ஒரே உறவு அவர்.

மைக் பிடித்திருந்த அண்ணனுக்கு ஜல்லிக்கட்டு வர்ணனைதான் தொழில். வருடத்தின் முதல் வாடிவாசல் திறப்பதே எங்கள் மாவட்டத்துத் தச்சங்குறிச்சியில் என்பதால், தை பிறக்கும் முன்பே இவர் குரலுக்கு வேலை வந்துவிடும். மற்ற மாதங்களில் கிடைத்த மைக்கைப் பிடிப்பார். சிவப்பு அணிக்காரன் ஒருவன் நீல அணிக்குள் புகுந்து வளைந்து போனபோது, "வருது பாரு, வருது பாரு, தொட்டுப் பாரு, தொட முடியல!" என்று தொடங்கினார். பந்து எல்லோர் கையிலும் நழுவிக் கோட்டுக்கு வெளியே உருண்டதும், "பந்து புடிபடல! பந்து ஜெயிச்சிருச்சு! பந்துக்காரர் மேடைக்கு வந்து பரிசை வாங்கிக்கலாம்!" என்றார். பந்துக்காரர், அதாவது அந்தப் பந்தைக் கொண்டுவந்திருந்த பி.டி. சார், திரும்பியும் பார்க்கவில்லை.

மேசையில் நான்கு பேர் இருக்க வேண்டும் என்பது விதி: புள்ளி எழுத ஒருவர், அவருக்கு ஒரு துணை, நேரம் பார்க்க ஒருவர், இருபத்து நான்கு நொடிக் கடிகாரத்தை இயக்க ஒருவர். எங்களுக்கு இரண்டு பேர். புள்ளி எழுத உட்கார்ந்தவர் அந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற மொய் எழுத்தாளர். ஆடி, ஆவணியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடந்தால் நோட்டும் பேனாவுமாக இவர்தான் உட்கார்ந்திருப்பார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், கூட்டலில் ஒரு ரூபாய் பிசகாது. இரண்டு புள்ளிக்கு எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு என்று ஒரே தடவைதான் சொன்னேன், பிடித்துக்கொண்டார். ஆனால் ஆள் பெயரோடு ஊர்ப்பெயரும் அப்பா பெயரும் இல்லாமல் எழுத அவர் கை ஒத்துழைக்கவில்லை. நான் மேசைக்கு முன்னால் நின்று, "சிவப்பு 7, கையால் அடித்தது, இரண்டு ஃப்ரீ த்ரோ" என்று சைகையோடு சொன்னதும், "யாரு, உங்க மச்சான் மகனா?" என்று சத்தமாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். எந்த வகையிலும் தொடர்பில்லாதவன் என்ற என் வேஷம் அந்த இடத்தில் கலைந்தது.

நேரம் பார்த்தவர் ஒரு கணக்கு ஆசிரியர். கடிகாரம் என்பது அவருடைய செல்போன். இரண்டாவது குவார்ட்டரில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பேசியபடியே எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். எங்கள் நேரமும் அவரோடு போய்விட்டது. பந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறது, குவார்ட்டர் மட்டும் முடிகிறபாடில்லை. அவர் திரும்பி வந்து, "இன்னும் எவ்வளவு சார் போடலாம்?" என்று என்னைக் கேட்டார்.

சிரிக்க வேண்டாம். 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. அமெரிக்கா 50, சோவியத் யூனியன் 49, மிச்சம் மூன்று நொடி. மேசைக்கும் நடுவருக்கும் ஏற்பட்ட குழப்பத்தில் அந்த மூன்று நொடியைத் திரும்பத் திரும்ப ஆடவைத்தார்கள். ஃபிபாவின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கிவந்து மூன்று விரலைக் காட்டினார். கடைசித் தடவையில் அலெக்சாண்டர் பெலோவ் பந்தைப் போட, 51-50 என்று சோவியத் ஜெயித்தது. அமெரிக்கர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே மாட்டோம் என்றார்கள், வாங்கவுமில்லை. நடுவர்களில் ஒருவரான பிரேசில்காரர் ரெனாட்டோ ரிகெட்டோ ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மியூனிக்கில் கடிகாரம் இருந்தும் அந்தக் கதி. எங்களுக்கு இருந்தது சார்ஜ் தீரப்போகும் ஒரு செல்போன்.

பி.டி. சாரும் நானும் பேசி, ஒன்றரை நிமிடம் என்று தீர்த்தோம். அதற்குள் நீல அணிப் பயிற்சியாளர் டைம் அவுட் கேட்டார். விதிப்படி ஒரு உள்ளங்கையும் அதன்மேல் ஒரு ஆள்காட்டி விரலுமாக ஆங்கில 'டி' எழுத்தைக் காட்டினேன். கேன்டீன் பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் போல. தட்டில் ஆறு டீயோடு நடு வட்டத்துக்கே வந்துவிட்டான். டைம் அவுட் ஒரு நிமிடம். டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. மூத்த நடுவர் என்ற முறையில் சார் அந்த நிமிடத்தை டீ ஆறும் வரை நீட்டினார். மூன்றாவது குவார்ட்டரில் ஒரு பையன் வாய்த்துடுக்காகப் பேசியதற்கு டெக்னிக்கல் ஃபவுல் கொடுத்து, இரண்டு உள்ளங்கையாலும் பெரிய 'டி' காட்டினேன். அப்போது பிஸ்கட்டும் சேர்ந்து வந்தது.

சிறப்பு விருந்தினர் வந்தது, பையன்கள் மூன்று பேர் பாய்ந்து போய்க்கொண்டிருக்க எதிரில் ஒரே ஒருவன் நின்ற தருணத்தில். கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, மைக்கில் "ஆட்டத்தை நிறுத்துங்க" என்று வந்தது, ஆட்டம் நின்றது. ஆட்டம் நிற்பதற்கான காரணங்களை ஃபிபா வரிசையாக எழுதியிருக்கிறது. பொன்னாடை அதில் இல்லை. எனக்கும் ஒன்று போர்த்தினார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கூடைக்கம்பத்தில் மாட்டினேன். சாய்ந்த கம்பம் என்பதால் நழுவாமல் நின்றது.

நான்காவது குவார்ட்டரில் அக்கா மகன் கணக்கில் நான்கு ஃபவுல். ஐந்தானால் வெளியே போக வேண்டும். இது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், மொய் நோட்டுக்காரருக்கு நன்றாகவே தெரியும். இரண்டு புள்ளி வித்தியாசம். பந்தைத் தட்டிக்கொண்டு மாப்ள கூடையை நோக்கி வருகிறான். நீல 5 இரண்டு காலையும் ஊன்றி, கையை மேலே தூக்கி, அசையாமல் நிற்கிறான். மாப்ள நேராக அவன் நெஞ்சில் போய் மோதினான். இரண்டு பேரும் விழுந்தார்கள். பந்து போய்க் கூடையில் விழுந்தது.

ஊதினேன். அதற்கப்புறம் யோசிக்கவில்லை. முஷ்டியை மடக்கி, இன்னொரு உள்ளங்கையில் ஓங்கிக் குத்திக் காட்டினேன். பந்தோடு வந்து மோதியதற்கான சைகை அது. கூட்டம் அதை வேறு மாதிரி படித்தது. "ஏய், நம்ம பயலை அடிப்பேங்கிறாருப்பா!" என்று ஒரு குரல், நாலு பேர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு என் அக்கா குரல் வந்தது: "ஏண்டா, நம்ம புள்ளைக்காடா ஊதுன?"

மாப்ள எழுந்து, சிமெண்டில் சிராய்த்த முழங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மாமா, கூடை கணக்குல வருமா?"

"வராது."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். அந்த வயதில் அந்த பெஞ்சிலிருந்து நான் என்னென்ன பேசியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். பயல் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கைதட்ட ஆரம்பித்தான்.

நீல அணி நான்கு புள்ளியில் ஜெயித்தது. ஆட்டத்தாளில் மூத்த நடுவர் கையெழுத்துப் போட்டதும் ஆட்டத்தோடு நடுவர்களுக்கு உள்ள தொடர்பு முடிகிறது என்று புத்தகம் சொல்கிறது. சார் கையெழுத்துப் போட்டார், பைக்கைக் கிளப்பினார், போய்விட்டார். அவருக்கு முடிந்தது. நான் ஊருக்குள் போக வேண்டியவன். பஸ்ஸில் ஒரு தடவை ஆட்டம் நடந்தது, டீக்கடையில் ஒரு தடவை, அக்கா வீட்டுத் திண்ணையில் இரண்டு தடவை. திண்ணை ஆட்டங்களில் நீல 5 ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே வந்தான்.

ஆவணிக் கடைசியில் எங்கள் வீட்டு மொய் விருந்து. கறிச்சோறு முடிந்து பந்தலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். மேசையில் அதே மொய் எழுத்தாளர், அதே பேனா. மச்சான் வந்தார், பணத்தை எண்ணி வைத்தார், ஊரும் பெயரும் சொன்னார். அவர் எழுதி முடிக்கும்வரை நின்றுவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அதுக்குக் கீழேயே அஞ்சு ஃபவுலும் எழுதிக்கங்க. பய பெரியவனாகி விசில் வாங்குனா மாப்ளைக்குத் திருப்பிச் செய்யணும்ல."

எழுத்தாளர் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "வட்டி சேத்தா, வெறும் அஞ்சா?"